ஒரே ஒரு அடியில் போன பதக்கம்: கோல்ஃப்ல 'பார்'னா என்ன, 'டிராப்'னா என்ன? முழு விளக்கம்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராத லட்சக்கணக்கான இந்தியர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து கோல்ஃப் பார்த்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவின் கடைசிச் சுற்று. உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக், பதக்க இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் மழை மிரட்டி ஆட்டம் நின்றது, திரும்பத் தொடங்கியது. கடைசியில் நான்காம் இடம்.

நான்கு நாள், 72 குழி, மொத்தம் 269 அடி. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிக்கொண்ட ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் எடுத்தது 268. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267. அதாவது பதக்கத்துக்கான பிளே-ஆஃபில் சேர அதிதிக்குக் குறைந்தது ஒரே ஒரு அடி. அன்று மாலையே ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிவிட்டதால், காலையில் நடந்ததைப் பலரும் மறந்துபோனார்கள்.

அன்றைக்கு டிவி பார்த்தவர்களின் பெரிய சிக்கல், திரையில் ஓடிய சொற்கள்தான். 'பதினைந்து அண்டர்'னா நல்லதா கெட்டதா? மைனஸ் போட்டவர் ஏன் முன்னால் இருக்கிறார்? காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கும் ஓரிக்கை மாதிரி ஊரில் பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த ஒருவருக்கு 'டக்', 'எல்பிடபிள்யூ' எல்லாம் அத்துப்படி. 'போகி' என்றால் பழையதைக் கொளுத்துகிற நாள்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் 'ஸ்ட்ரோக்'

கோல்ஃபின் மொத்தக் கணக்கும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டையை முன்னோக்கி வீசினால் அது ஒரு ஸ்ட்ரோக், தமிழில் சொன்னால் ஓர் அடி. மட்டை பந்தில் பட்டதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. வீசி, பந்தைத் தவறவிட்டு, காற்றை அடித்தாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். சும்மா பழகிப் பார்க்க வீசினால் ஏறாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆட்டக்காரரின் மனசுக்குள் இருப்பது. அவர் சொன்னால்தான் தெரியும். இந்த விளையாட்டின் விதிகள் முழுக்க இப்படித்தான், ஆடுகிறவரின் வாய்ச்சொல்லை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று: 250 கெஜம் பறக்கிற அடியும் ஓர் அடி. குழி ஓரத்தில் இருந்து ஒரு அங்குலம் தள்ளிவிடுவதும் ஓர் அடி. இரண்டுக்கும் ஒரே விலை. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் தோன்றும்.

பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. குழியின் குறுக்களவு நாலே கால் அங்குலம், 108 மில்லிமீட்டர். ஒரு சின்னச் சொம்பின் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கெஜம் தள்ளி நின்று அந்தச் சொம்புக்குள் பந்தைப் போட வேண்டும்.

பார், பேர்டி, போகி: மைனஸ் ஏன் நல்லது?

நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிப்பார் என்று முன்கூட்டியே வைத்திருக்கும் எண்ணிக்கைதான் 'பார்'. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. இதில் இரண்டு அடி, குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரையில் பந்தை உருட்டுவதற்கு ஒதுக்கியது. பார் 4 குழியை நாலு அடியில் முடித்தால் பார். மூன்றில் முடித்தால் பேர்டி. இரண்டில் முடித்தால் ஈகிள். பார் 5 குழியை இரண்டே அடியில் முடித்தால் ஆல்பட்ராஸ். கணக்கு குறையக் குறையப் பறவை பெரிதாகிக்கொண்டே போகும், சிட்டுக்குருவியில் தொடங்கிக் கழுகு, கடற்பறவை என்று. ஓர் அடி அதிகமானால் போகி. இரண்டு அதிகமானால் டபுள் போகி. அதற்குமேல் பறவையும் இல்லை, பேரும் இல்லை, டிரிபிள், குவாட்ரபிள் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

டோக்கியோ போட்டி நடந்த கசுமிகாசெகி மைதானத்தில் 18 குழிக்குமான மொத்தப் பார் 71. நான்கு சுற்றுக்கு 284. அதிதி எடுத்தது 269. கழித்தால் 15. அதுதான் திரையில் வந்த மைனஸ் 15. டிவி ஸ்கோர் பட்டியலில் சிவப்பில் வரும் எண்கள் பாருக்குக் கீழே. ஆங்கில 'ஈ' எழுத்து வந்தால் சரியாகப் பார் கணக்கில் நிற்கிறார் என்று பொருள். 'த்ரூ 14' என்றால் இதுவரை 14 குழி முடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. ஜனங்கள் அதிகம் கேள்விப்பட்ட பேர்டி, ஈகிள் எல்லாம் பேச்சு வழக்கில் பிறந்த பெயர்கள். ஆட்டத்தை நடத்தும் விதிகளுக்கு இந்தப் பறவைகள் தேவையே இல்லை. விதிகளின் அக்கறை, எத்தனை அடி, பந்து எங்கே கிடக்கிறது, அடுத்த அடியை எங்கிருந்து அடிக்கலாம் என்பதில்தான். உண்மையான சிக்கலும் அங்கேதான்.

மைதானத்தில் ஐந்தே இடங்கள்தான்

டிவி வர்ணனையில் 'ஃபேர்வே', 'ரஃப்' என்று மாறி மாறிக் கேட்டிருப்பீர்கள். குட்டையாக வெட்டிய புல் ஃபேர்வே, உயரமாக விட்ட புல் ரஃப். ஆனால் விதிகளின் கணக்கில் இரண்டும் ஒரே இடம், பேர் 'ஜெனரல் ஏரியா'. பொதுப் பகுதி. மீதி நான்கு: ஆட்டத்தைத் தொடங்கும் டீயிங் ஏரியா, மணல் குழியான பங்கர், நீர்நிலை போன்ற பெனால்டி ஏரியா, பந்தை உருட்டும் புட்டிங் கிரீன். பந்து எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்தே என்ன செய்யலாம், கூடாது என்பது முடிவாகும்.

டீயிங் ஏரியாவில் மட்டும் பந்தை 'டீ' என்கிற சின்னக் குச்சியின் மேல் தூக்கி வைக்கலாம். மட்டை தற்செயலாக இடித்துப் பந்து கீழே விழுந்துவிட்டால் கவலையில்லை. இன்னும் அடிக்கவே இல்லை, எனவே பந்து ஆட்டத்துக்கு வரவில்லை. எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். இதே தப்பைப் பொதுப் பகுதியில் செய்து பந்து நகர்ந்தால், பழைய இடத்தில் வைக்க வேண்டும், கூடவே ஓர் அபராத அடி.

பங்கர் பற்றிப் பாலாற்று மணலில் ஆடியவர்களுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மணலில் பந்து எகிறாது, புதையும். விதி சொல்வது இதுதான்: அடிப்பதற்கு முன்னால் பந்துக்கு முன்னோ பின்னோ மட்டையால் மணலைத் தொடக் கூடாது, பழகிப் பார்க்கும் வீச்சிலும் தொடக் கூடாது, அடிக்க மட்டையைப் பின்னோக்கி எடுக்கும்போதும் கூடாது. தொட்டால் இரண்டு அடி அபராதம்.

2010-ல் அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப். கடைசி நாள், கடைசிக் குழி. டஸ்டின் ஜான்சனின் பந்து ரசிகர்கள் கூட்டமாக நின்றிருந்த ஒரு மணல் திட்டில் கிடந்தது. கூட்டம் மிதித்துப் போட்ட வெறும் மண் என்று நினைத்து, மட்டையைத் தரையில் ஊன்றிவிட்டு அடித்தார். ஆனால் அந்த மைதானத்தில் இருக்கும் மணல் திட்டு எல்லாமே பங்கர்தான் என்று முன்னரே உள்ளூர் விதி போட்டு அறிவித்திருந்தார்கள். இரண்டு அடி அபராதம். பட்டத்துக்கான பிளே-ஆஃபில் ஆட வேண்டியவர் ஆட்டத்தில் இருந்தே வெளியேறினார். 'லோக்கல் ரூல்' என்ற சொல்லை அவர் இனி மறக்க மாட்டார்.

நீரில் விழுந்தால்? மழை நீரில் விழுந்தால்?

இரண்டும் வேறு. குளம், ஓடை போன்ற நிலையான நீர்நிலையும், மைதானக் குழு அடையாளமிட்ட மற்ற இடங்களும் 'பெனால்டி ஏரியா'. 2019 வரை இதை 'வாட்டர் ஹசார்ட்' என்றார்கள், பழைய ஆட்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே பந்து விழுந்தால் முடிந்தால் அப்படியே அடிக்கலாம், அபராதம் கிடையாது. முடியாது என்றால் ஓர் அபராத அடி ஏற்றுக்கொண்டு பந்தை வெளியே போட்டு ஆடலாம். எங்கே போடுவது என்பதை முளைக்குச்சியின் நிறம் சொல்லும். மஞ்சள் என்றால் இரண்டு வழி: பழைய இடத்துக்கே போய்த் திரும்ப அடிப்பது, அல்லது குழிக்கும் பந்து எல்லையைக் கடந்த புள்ளிக்கும் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டில் பின்னால் தள்ளிப் போய் ஆடுவது. சிவப்பு என்றால் மூன்றாவதாக ஒரு வசதி உண்டு. பந்து எல்லையைக் கடந்த இடத்தில் இருந்தே, குழிக்குப் பக்கத்தில் போகாமல், இரண்டு மட்டை நீளத்துக்குள் போட்டு ஆடலாம்.

ஆனால் சென்னை நந்தனம் மைதானத்தில் நவம்பர் மழைக்குப் பிறகு புல்வெளியில் தேங்கும் தண்ணீர் பெனால்டி ஏரியா அல்ல. அதன் பேர் 'டெம்பரரி வாட்டர்', தற்காலிகத் தண்ணீர். அதில் பந்து கிடந்தாலோ, நிற்கும் இடத்தில் கால் நனைந்தாலோ, இலவசமாக நகர்த்திக்கொள்ளலாம். இதற்குப் பேர் 'ஃப்ரீ ரிலீஃப்'. ரிலீஃப் என்றவுடன் வெள்ள நிவாரணம் என்று நினைக்க வேண்டாம், கிட்டத்தட்ட அதே பொருள்தான் என்றாலும். தொல்லை தீரும் மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு இன்னும் நெருங்காமல் பந்தைப் போட வேண்டும். மட்டை நீளம் என்றால் பையில் இருப்பதிலேயே நீளமானது. உருட்டும் மட்டையான புட்டர் மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

பந்தைப் போடுவதுதான் 'டிராப்'. முன்பு தோள் உயரத்தில் கையை நீட்டிப் போட வேண்டும். 2019 ஜனவரியில் இருந்து முட்டி உயரம். உயரம் குறைந்தால் பந்து கண்டபடி உருளாது என்பது காரணம். பழக்கதோஷம் யாரை விட்டது? அந்த ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோவில் நடந்த போட்டியில் அமெரிக்காவின் ரிக்கி ஃபவுலர், பழைய ஞாபகத்தில் தோள் உயரத்தில் போட்டுவிட்டு அப்படியே அடித்தார். ஓர் அடி அபராதம். அடிப்பதற்கு முன்னால் கவனித்துத் திரும்பப் போட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

காட்டுமாடு மிதித்தால் என்ன விதி?

கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. அங்கே காலை நேரத்தில் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருப்பது வழக்கமான காட்சி. நாளிதழ்கள் காட்டெருமை என்று எழுதினாலும் மலையில் இருப்பவர்களுக்கு அது காட்டுமாடுதான். ஒரு டன் எடை வரை வளரும் அந்த விலங்கு நடந்துபோன தரையில் ஆடுவதற்கு விதிகளில் இடம் இருக்கிறதா? நன்றாகவே இருக்கிறது.

சாணத்தில் இருந்து ஆரம்பிப்போம். விதிப்படி விலங்குகளின் சாணம் ஒரு 'லூஸ் இம்பெடிமென்ட்'. தரையோடு ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும் இயற்கைப் பொருள் என்று அர்த்தம். இலை, சுள்ளி, கூழாங்கல் எல்லாம் இதே வகை. அபராதம் இல்லாமல் எடுத்துப் போடலாம். ஆனால் எடுக்கும்போது பந்து நகர்ந்தால், கிரீனுக்கு வெளியே என்றால், ஓர் அடி அபராதம், பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். எனவே சாணத்தை எடுப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இலை இந்த வகையில் வராது. அது வளர்ந்துகொண்டிருப்பது, பறிக்கக் கூடாது.

பாட்டில், குப்பைக் கூடை போன்ற மனிதர் செய்த பொருள் என்றால் பேர் வேறு: 'மூவபிள் அப்ஸ்ட்ரக்‌ஷன்'. அதையும் எடுத்துப் போடலாம். வித்தியாசம், அதை எடுக்கும்போது பந்து நகர்ந்தால் அபராதமே இல்லை, பழைய இடத்தில் வைத்தால் போதும். சுள்ளிக்கு ஒரு நீதி, பாட்டிலுக்கு ஒரு நீதி. புதிதாக ஆடுகிறவர்கள் இதில்தான் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

அடுத்து குளம்படி. கிரீனில் மாட்டின் குளம்பு பதிந்து பள்ளம் இருந்தால், பந்து உருளும் பாதையில் இருந்தாலும் தட்டிச் சமன் செய்துகொள்ளலாம் என்று 2019 விதிகள் சொல்கின்றன. கிரீனுக்கு வெளியே அந்தச் சலுகை கிடையாது. பள்ளத்தில் பந்து கிடந்தால் கிடந்தபடியே ஆட வேண்டும், மைதானக் குழு அந்த இடத்தைப் 'பழுதுபார்க்கும் தரை' என்று அறிவித்திருந்தால் ஒழிய. எலி, முயல் தோண்டிய பொந்து என்றால் ஃப்ரீ ரிலீஃப் உண்டு. மாடு பொந்து தோண்டுவதில்லை.

நின்றுகொண்டிருந்த பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடினால்? அது 'அவுட்சைட் இன்ஃப்ளூயன்ஸ்', வெளியார் தலையீடு. அபராதம் இல்லை. பந்து இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் குரங்குதான் எடுத்தது என்பது உறுதியாகவோ கிட்டத்தட்ட உறுதியாகவோ தெரிந்திருக்க வேண்டும். 'எடுத்திருக்கும்' என்கிற சந்தேகம் செல்லாது. சந்தேகத்தில் போனால் அது காணாமல் போன பந்து, அதன் விலை ரொம்ப அதிகம்.

காணாமல் போன பந்து

விலை இதுதான். 'ஸ்ட்ரோக் அண்ட் டிஸ்டன்ஸ்', அடியும் போச்சு, தூரமும் போச்சு. ஓர் அபராத அடி சேரும், அதோடு கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். டீயில் இருந்து அடித்த முதல் பந்து போய்விட்டது என்றால், அது ஒன்று, அபராதம் ஒன்று, இப்போது அடிக்கப்போவது மூன்றாவது அடி. வெள்ளை முளைக்குச்சிக்கு அப்பால், 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' போனாலும் இதே தண்டனை. பந்தின் ஒரு துளியாவது உள்ளே இருந்தால் அது உள்ளேதான். முழுசாக வெளியே போயிருக்க வேண்டும்.

தேடுவதற்கு மூன்று நிமிடம். 2019-க்கு முன்னால் ஐந்து. கிட்டிப்புள்ளில் புள் புதருக்குள் போனால் சாயங்காலம் வரை தேடுகிற வழக்கம் இங்கே எடுபடாது. ஊட்டி மைதானத்தின் முட்புதருக்குள் பந்து போனால் மூன்று நிமிடம் என்பது எவ்வளவு குறைவு என்று அங்கே ஆடியவர்களைக் கேட்டால் தெரியும்.

தேடிவிட்டு அவ்வளவு தூரம் திரும்ப நடப்பதைத் தவிர்க்கத்தான் 'ப்ரொவிஷனல் பால்', அதாவது தற்காலிகப் பந்து. முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், தேடப் போவதற்கு முன்பே இன்னொன்றை அடித்து வைத்துக்கொள்ளலாம். முதல் பந்து கிடைத்தால் இரண்டாவது ரத்து. ஆனால் அடிக்கும் முன் இது தற்காலிகப் பந்து என்று விளங்கும்படி சொல்லியாக வேண்டும். 'இன்னொரு பந்து அடிச்சுக்கறேன்' என்று சொன்னால் போதாது. அப்படிச் சொல்லிவிட்டு அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து. முதல் பந்து நல்ல இடத்தில் பளிச்சென்று கிடந்தாலும் தொட முடியாது. ஒரு சொல்லை விட்டால் இரண்டு அடி போகிறது.

கேடி தப்பு செய்தால் யாருக்கு அபராதம்?

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர்தான் கேடி. தூக்குவது மட்டும் வேலை அல்ல. எந்த மட்டை, எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்று ஆலோசனை சொல்ல ஆட்டக்காரருக்கு உரிமையுள்ள துணை அவர். டோக்கியோவில் அதிதிக்குக் கேடியாக நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி. 2016 ரியோவில் அப்பா. இந்தியாவில் கேடியாகத் தொடங்கித் தொழில்முறை வீரரானவர்கள் பலர். ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, அங்கேயே கேடியாக இருந்து பழகி, 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். 1829-ல் தொடங்கிய அந்த கிளப், பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் கிளப். பணக்காரர் விளையாட்டு என்ற பேர் கோல்ஃபுக்குச் சும்மா வரவில்லை. அந்தச் சுவருக்குள் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நுழைந்த கதவு பெரும்பாலும் இந்தக் கேடி வேலைதான்.

விதியில் கேடிக்குத் தனி அபராதம் கிடையாது. அவர் செய்யும் தப்பு ஆட்டக்காரர் செய்த தப்பு. 2001 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாளில் வேல்ஸ் வீரர் இயான் வூஸ்நம் முன்னிலையில் இருந்தவர்களில் ஒருவர். முதல் குழியில் பேர்டி. இரண்டாவது டீயில் நிற்கும்போது கேடி மெல்லச் சொன்னார், பையில் 15 மட்டை இருக்கிறது என்று. அனுமதி 14 தான். பயிற்சிக்காகக் கொண்டுவந்த ஒன்று பையிலேயே தங்கிவிட்டது. இரண்டு அடி அபராதம். கடைசியில் மூன்றாம் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார்.

ஹேண்டிகேப், மேட்ச் பிளே

வாரக் கடைசியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் உரிய சொல் ஹேண்டிகேப். திறமை குறைந்தவருக்குக் கணக்கில் கொடுக்கும் சலுகை. ஹேண்டிகேப் 18 உள்ளவர் 92 அடி எடுத்தால் நிகரக் கணக்கு 74. ஹேண்டிகேப் 6 உள்ளவர் 82 எடுத்தால் நிகரம் 76. பத்து அடி அதிகம் எடுத்தவர் ஜெயிக்கிறார். ஒலிம்பிக்கிலும் தொழில்முறைப் போட்டிகளிலும் இந்தச் சலுகை இல்லை.

மொத்த அடிகளை எண்ணுவது ஸ்ட்ரோக் பிளே. இருவர் மோதி, குழிக்குக் குழி யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்ப்பது மேட்ச் பிளே. இதில் '3 அண்ட் 2' என்றால், மூன்று குழி முன்னிலை, இரண்டு குழிதான் மிச்சம், இனி ஆடிப் பயனில்லை, ஆட்டம் முடிந்தது. குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் எதிராளியின் பந்தை 'சரி, போட்டாச்சுன்னு வெச்சுக்கோங்க' என்று விட்டுக்கொடுப்பது மேட்ச் பிளேயில் மட்டும்தான் செல்லும்.

கையெழுத்து

கடைசியாக ஸ்கோர் கார்டு. கிரிக்கெட்டில் ஸ்கோரர் எழுதுவார், ஆட்டக்காரருக்குக் கவலையில்லை. கோல்ஃபில் கூட ஆடுகிற போட்டியாளரே உங்கள் கணக்கை எழுதுவார். அவர் பேர் 'மார்க்கர்'. சுற்று முடிந்ததும் குழி வாரியாகச் சரிபார்த்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் தகுதி நீக்கம். அதிகமாக எழுதிப் போட்டால் அந்த அதிகமே நிலைக்கும்.

1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, 17-வது குழியை மூன்று அடியில் முடித்ததை டிவியில் பார்த்தவர்கள் ஏராளம். மார்க்கர் நான்கு என்று எழுதிவிட்டார். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார் டி விசென்சோ. 65 என்பது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமனில் முடிந்து பிளே-ஆஃப் ஆட வேண்டியவர் ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு.

இவ்வளவு கண்டிப்பா என்று கேட்கத் தோன்றும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நினைத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த அந்தக் குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பேரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பேரும் குடத்தில் போடத் தகுதியற்றவை. கணக்கு விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1744-ல் எழுதிய முதல் 13 கோல்ஃப் விதிகளுக்கு எண்ணூறு வருடம் முன்பே நம் பக்கத்தில் கறாராகத்தான் இருந்திருக்கிறார்கள். அந்தப் 13, பெருகி 34 ஆகி, 2019-ல் சுருங்கி 24 ஆனது.

யார் பார்த்தது?

1925 யுஎஸ் ஓபனில் பாபி ஜோன்ஸ், உயரமான புல்லில் மட்டையை வைத்தபோது பந்து லேசாக நகர்ந்தது என்றார். அதிகாரிகளோ கூட இருந்தவர்களோ யாரும் பார்க்கவில்லை. அவரே தனக்கு ஓர் அபராத அடி போட்டுக்கொண்டார். போட்டி சமனில் முடிந்து, பிளே-ஆஃபில் வில்லி மெக்ஃபார்லேனிடம் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பட்டம் அவருடையது.

90 வருடம் கழித்துப் பார்ப்பதற்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். 2017 ஏப்ரல், கலிஃபோர்னியாவில் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டி. சனிக்கிழமை 17-வது கிரீனில் அமெரிக்காவின் லெக்சி தாம்சன், ஒரு அடி தூரத்தில் இருந்த பந்தை அடையாளமிட்டு எடுத்து, திரும்ப வைக்கும்போது இம்மி அளவு தள்ளி வைத்தார். கிரீனில் பந்தைத் துடைக்க எடுக்கும் முன் நாணயம் போன்ற 'பால் மார்க்கரை' வைக்க வேண்டும், அதே புள்ளியில் திரும்ப வைக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் டிவி பார்த்த ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினார். ஞாயிறு அன்று முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்த தாம்சனிடம் பாதி ஆட்டத்தில் சொன்னார்கள்: தவறான இடத்தில் இருந்து ஆடியதற்கு இரண்டு, அதனால் முந்தைய நாள் ஸ்கோர் கார்டு தப்பாகிவிட்டதற்கு இன்னும் இரண்டு, ஆக நான்கு அடி அபராதம். கண்ணீரோடு ஆடிச் சமன் செய்து, பிளே-ஆஃபில் தென்கொரியாவின் ரியூ சோ-யோனிடம் தோற்றார்.

எழுந்த சத்தத்தில் விதி மாறியது. 2018 ஜனவரியில் இருந்து, அபராதம் இருப்பதே தெரியாமல் கையெழுத்திட்ட கார்டுக்குக் கூடுதல் இரண்டு அடி கிடையாது. போட்டி நடத்துகிறவர்களே ஒரு அதிகாரியை டிவி ஒளிபரப்பைப் பார்க்க உட்கார வைக்கிறார்கள். வீட்டில் இருந்து வரும் புகார்களை ஏற்பதில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் பிரிவோடு கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. முட்டி உயரத்துக்கு மேல் யாராவது டிராப் செய்வதை நீங்கள் கண்டுபிடித்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிக்கொள்ளலாம், போன் போட்டுப் பயனில்லை.